கலங்களின் ஒட்டுறவும் கருவிலேயே வகுக்கப்படும் பித்தத்தின் பாதையும்

பிறந்து இரண்டொரு நாட்களில் குழந்தையின் கண்களும் தோலும் மஞ்சள் நிறமாவது எமது இல்லங்களில் பழகிப்போன ஒரு காட்சியாகும். நிறைமாதத்தில் பிறக்கும் பத்துக் குழந்தைகளுள் ஏறத்தாழ ஆறு குழந்தைகளிடம் முதல் வாரத்தில் இந்நிறம் தென்படுவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. "இது எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதான், காலை வெயிலில் சிறிது நேரம் பிடித்தால் போய்விடும்" என்று வீட்டிலுள்ள மூத்தோர் தேறுதல் கூறுவதும், ஓரிரு வாரங்களில் மஞ்சள் தானாகவே மறைந்துவிடுவதும் வழமையாகும். மூத்தோரின் அந்தத் தேறுதலில் தவறேதுமில்லை. பெரும்பாலான குழந்தைகளைப் பொறுத்தவரை அது உண்மையே.

ஆயினும், ஆயிரக்கணக்கில் ஒரு குழந்தைக்கு அந்த மஞ்சள் மறைவதில்லை. இரண்டு வாரங்கள் கழிந்தும், ஒரு மாதம் கழிந்தும் அது நீடிக்கின்றது. குழந்தையோ நன்றாகப் பால் குடிக்கின்றது, நிறையும் கூடுகின்றது, பார்ப்பவர்களுக்கு ஆரோக்கியமாகவே தோன்றுகின்றது. ஆனால் அதன் மலத்தின் நிறம் படிப்படியாக வெளிறி, சுண்ணாம்பையோ களிமண்ணையோ ஒத்ததாக மாறிவிடுகின்றது. ஈரலில் உற்பத்தியாகும் பித்தம் குடலைச் சென்றடையவில்லை என்பதே இதன் பொருளாகும். பித்தத்தைக் கொண்டுசெல்லும் கான்கள் அடைபட்டுச் சிதைந்து போகும் இந்நோயைப் பிறப்புவழிப் பித்தக்கான் அடைப்பு எனலாம். சிகிச்சையளிக்கப்படாதவிடத்து, இக்குழந்தைகளுள் மிகப் பெரும்பாலானோர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

இத்தகைய கொடிய நோயொன்று எங்கே தொடங்குகின்றது என்ற வினாவுக்கு விடை தேடிச் சென்ற விஞ்ஞானிகள், தாயின் கருப்பையில் சில வார வயதேயான முளையத்தை வந்தடைந்துள்ளனர். அங்கே கலங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் விதமும், பற்றை விடும் விதமுமே பித்தத்தின் பாதையை வகுக்கின்றன. கலைப்பீடத்தில் கற்ற எம்போன்றவர்களுக்கு விஞ்ஞானக் கலைச்சொற்கள் சற்று அச்சமூட்டுபவையே. எனினும், பெற்றோராகவும் பேரப்பிள்ளைகளைக் கண்டவர்களாகவும் நாம் அறிந்துகொள்ள வேண்டிய விடயம் இதுவாகும்.

பித்தமும் அதன் பாதையும்

ஈரல் இடைவிடாது பித்தத்தைச் சுரந்துகொண்டிருக்கின்றது. வளர்ந்த ஒருவரின் ஈரல் நாளொன்றுக்கு அரை லீற்றருக்கும் ஒரு லீற்றருக்கும் இடைப்பட்ட அளவு பித்தத்தை உற்பத்தி செய்கின்றது. உணவிலுள்ள கொழுப்பு சமிபாடடைவதற்கும், கொழுப்பில் கரையும் விற்றமின்கள் உடலில் சேர்வதற்கும் பித்தம் இன்றியமையாதது. பழைய செங்குருதிக் கலங்கள் அழிவதால் உண்டாகும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருளை உடலிலிருந்து வெளியேற்றுவதும் பித்தமே. மலத்துக்கு அதன் இயல்பான நிறத்தைத் தருவதும் இதுவே. ஆகவே, பித்தத்தின் பாதை அடைபட்டால் மஞ்சள் உடலில் தங்குகின்றது, மலம் நிறமிழக்கின்றது, ஈரலில் தேங்கும் பித்தம் ஈரலையே அரிக்கத் தொடங்குகின்றது.

மலைச்சாரலில் பெய்யும் மழை சிறு நீரோடைகளாகப் பெருகி, ஓடைகள் கூடி ஆறாகிக் கடலைச் சேர்வதைப் போன்றதே பித்தத்தின் பயணமும். ஈரற்கலங்களுக்கிடையே, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்களவேயான இடுக்குகளில் அது ஊறத் தொடங்குகின்றது. அங்கிருந்து சிறு கான்களுக்கும், அவற்றிலிருந்து பெருங் கான்களுக்கும் சென்று, ஈரலுக்கு வெளியே உள்ள பொதுக் கானின் வழியாக முன்சிறுகுடலை அடைகின்றது. பித்தப்பை இப்பாதையின் ஓரத்திலமைந்த ஒரு தேக்கம் மாத்திரமே.

இப்பாதை ஈரிடங்களில் இருவேறு முறைகளில் உருவாகின்றது என்பது கவனத்திற்குரியதாகும். கருத்தரித்து நான்காவது வாரத்தில், முளையத்தின் முன்குடற் சுவரிலிருந்து ஒரு சிறு அரும்பு புடைத்தெழுகின்றது. அதன் மேற்பகுதி ஈரலாக வளர்கின்றது. கீழ்ப்பகுதி பித்தப்பையாகவும் ஈரலுக்கு வெளியேயுள்ள கான்களாகவும் மாறுகின்றது. ஈரலுக்கு உள்ளேயுள்ள கான்களோ ஈரலின் சொந்தக் கலங்களிலிருந்தே பிறக்கின்றன.

ஈரலின் முன்னோடிக் கலங்களின் முன்னால் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, பித்தத்தைச் சுரக்கும் ஈரற்கலமாக மாறுவது. மற்றையது, பித்தத்தைக் கொண்டுசெல்லும் கானின் சுவர்க் கலமாக மாறுவது. எக்கலம் எவ்வழியில் செல்லும் என்பதை, அது எங்கே நிற்கின்றது என்பதே பெரிதும் தீர்மானிக்கின்றது. குடலிலிருந்து ஈரலுக்குக் குருதியைக் கொண்டுவரும் ஈரல் வாயி நாளத்தின் கிளைகளை ஒட்டி நிற்கும் கலங்களே கான் கலங்களாகின்றன. எட்டாவது வாரமளவில், நாளத்தைச் சூழ இக்கலங்கள் ஒற்றை வரிசையில் ஒரு வளையமாக அமைகின்றன. பின்னர் அது சில இடங்களில் இரட்டை வரிசையாகின்றது. இவ்வளையத்தைக் கான் தகடு என்று ஆய்வாளர்கள் அழைக்கின்றனர். இரட்டை வரிசைகளுக்கிடையே ஆங்காங்கே துளைகள் விழுகின்றன. ஏறத்தாழப் பன்னிரண்டாவது வாரத்திலிருந்து அத்துளைகள் குழாய்களாகி நாளத்தின் அருகே நகர, தகட்டின் எஞ்சிய பகுதி மெல்ல மெல்ல மறைந்துவிடுகின்றது. ஈரலின் வாசலில் தொடங்கும் இவ்வேலை உள்நோக்கிப் படர்ந்து செல்கின்றது. குழந்தை பிறக்கும்போதும் ஈரலின் விளிம்புப் பகுதிகளில் இப்பணி முற்றுப்பெற்றிருப்பதில்லை.

கலங்கள் தம்மினத்தை அறியும் விதம்

வரிசையாக நில், இரட்டை வரிசையாக மாறு, நடுவே இடைவெளி விடு, தேவையற்றால் விலகிச் செல் என்று இக்கலங்களுக்குக் கட்டளையிடுவது எது? இவ்வினாவுக்கான விடை ஈரலை ஆராய்ந்தவர்களிடமிருந்து வரவில்லை. அது கடற்பஞ்சிலிருந்து தொடங்குகின்றது.

1907ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலைனாவில் எச்.வி. வில்சன் என்ற உயிரியலாளர், உயிருள்ள கடற்பஞ்சு ஒன்றை நுண்ணிய பட்டுத்துணியினூடாகப் பிழிந்து தனித்தனிக் கலங்களாகப் பிரித்தார். அக்கலங்கள் இறந்துவிடவில்லை. ஒன்றையொன்று தேடிச் சென்று, ஒட்டிக்கொண்டு, மீண்டும் சிறு கடற்பஞ்சுகளாக உருவெடுத்தன. 1955ஆம் ஆண்டில் பிலிப் டௌன்ஸ், யோகான்னஸ் ஹோல்ட்ஃபிரெட்டர் ஆகிய இருவரும் ஈரூடகவாழிகளின் முளையத்தில் இதனையொத்த பரிசோதனையைச் செய்தனர். தோலாக வேண்டிய கலங்களையும் நரம்பாக வேண்டிய கலங்களையும் பிரித்துக் கலந்துவிட்டபோது, அவை தம்மினத்தைத் தேடி இனம் பிரிந்து, தோற்கலங்கள் வெளியேயும் நரம்புக் கலங்கள் உள்ளேயுமாக ஒழுங்கமைந்தன. கலங்களின் மேற்பரப்பில் ஏதோ ஓர் அடையாளமும் ஒட்டும் தன்மையும் இருந்தாலன்றி இது நிகழ்ந்திருக்க முடியாது.

அந்த ஏதோ ஒன்று எதுவென்பது 1970களில் தெளிவாகத் தொடங்கியது. ஜப்பானைச் சேர்ந்த மசதோஷி தகெய்ச்சி, கலங்களின் ஒட்டுதலில் ஒருவகை கல்சியம் இன்றி இயங்காது என்பதைக் கண்டறிந்தார். அதற்குக் காரணமான புரதத்துக்கு 1984இல் கட்ஹெரின் என்ற பெயர் சூட்டப்பட்டது. அதே காலப்பகுதியில் அமெரிக்காவில், பிறபொருளெதிரிகளின் அமைப்பைக் கண்டறிந்தமைக்காக 1972இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜெரால்ட் எடெல்மன், நரம்புக் கலங்களை ஒட்டவைக்கும் வேறொரு மூலக்கூற்றைப் பிரித்தெடுத்தார். அது என்கேம் என அழைக்கப்படுகின்றது. இன்று இவ்வகைப் புரதங்கள் பல அறியப்பட்டுள்ளன. இவை அனைத்தையும் சேர்த்துக் கல ஒட்டு மூலக்கூறுகள் என்கின்றோம்.

ஒட்டு என்றவுடன் பசையை எண்ணிவிடலாகாது. பசை கண்டதையெல்லாம் ஒட்டும். இம்மூலக்கூறுகளோ தெரிந்தே பற்றுகின்றன. கலத்தின் சவ்வை ஊடுருவி நிற்கும் இவற்றின் ஒரு முனை வெளியே நீண்டு அயற்கலத்தின் முனையைப் பற்றுகின்றது. மறுமுனை கலத்தின் உட்சட்டகத்துடன் பிணைந்திருக்கின்றது. ஆகவே, வெளியே பிடி விழும்போது உள்ளே செய்தி செல்கின்றது. கைகோத்து நிற்பவர் தம் அயலவரின் அசைவைத் தமது கையாலேயே உணர்வதை இதற்கு ஒப்பிடலாம்.

கான் உருவாக்கத்தில் இவற்றின் பங்கு

கருவிலுள்ள சிசுவின் ஈரலில் இம்மூலக்கூறுகள் ஆற்றும் பணிகளை நான்காக வகுத்து நோக்கலாம்.

முதலாவது, அயற்கலத்தைப் பற்றுதல். இப்பணியில் முதன்மையானது மேலணிக் கலங்களுக்குரிய ஈ-கட்ஹெரின் ஆகும். மனித சிசுக்களின் ஈரல்களை ஆராய்ந்த ஜப்பானின் கனசாவா பல்கலைக்கழக நோயியலாளர்கள், கான் தகட்டிலும் அதிலிருந்து பிறக்கும் கான்களிலும் ஈ-கட்ஹெரினும், அதனைக் கலத்தின் உட்சட்டகத்தோடு இணைக்கும் கற்றெனின் புரதங்களும் காணப்படுவதை 1990களில் விவரித்தனர். அத்துடன், தகட்டின் மிகையான கலங்கள் திட்டமிட்ட கல இறப்பின் மூலம் அகற்றப்படுகின்றன என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர். சேர்வதைப் போலவே விலகுவதும் இங்கு கட்டுமானத்தின் ஓர் அங்கமாகும்.

இரண்டாவது, இடைவெளியை அடைத்தல். கானின் சுவரில் கலங்கள் வெறுமனே அருகருகே நின்றாற் போதாது. பித்தம் கொழுப்பைக் கரைக்க வல்லது. அது கலங்களுக்கிடையே கசிந்தால் அயல் இழையங்களைப் புண்படுத்தும். ஓலைகள் இறுகப் பின்னப்படாத பனையோலைப் பெட்டியில் மா நிற்பதில்லை. அதுபோன்றே, கலங்களின் விளிம்புகள் இறுகத் தைக்கப்படாத கானில் பித்தம் நிற்பதில்லை. இத்தையலைச் செய்யும் புரதங்களுள் முக்கியமானவை குளோடின்கள். மூடுதல் என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பெறப்பட்ட இப்பெயரை, 1998இல் ஜப்பானைச் சேர்ந்த ஷோய்ச்சிரோ சுகிதாவும் அவரது குழுவினரும் சூட்டினர்.

மூன்றாவது, தரையைப் பற்றுதல். கானின் கலங்களுக்கு உள்ளென்றும் வெளியென்றும் இரு பக்கங்கள் உள்ளன. உட்பக்கத்தில் பித்தம் ஓடுகின்றது. வெளிப்பக்கம் அடித்தள மென்சவ்வு என்ற விரிப்பின் மீது அமர்ந்திருக்கின்றது. அவ்விரிப்பின் முக்கிய இழையான லமினினை, கலத்திலுள்ள இன்டெகிரின் என்ற ஒட்டு மூலக்கூறு பற்றிக்கொள்கின்றது. இப்பிடியே, எப்பக்கம் வெளி, எப்பக்கம் உள் என்பதைக் கலத்துக்கு உணர்த்துகின்றது. கான் உருவாகும் தொடக்கத்தில் ஒருவகை லமினினும், கான் முதிர்வதற்கு வேறொருவகை லமினினும் தேவைப்படுகின்றன என்பதை 2012இல் வெளியான சுண்டெலி ஆய்வொன்று காட்டியது. திசையறியாத கலங்களால் துளை விழுந்த குழாயை அமைக்க முடியாது. அவை வெறும் குவியலாகவே எஞ்சும்.

நான்காவது, பருவத்தை உணர்த்துதல். நரம்பில் முதலில் இனங்காணப்பட்ட என்கேம், வளரும் ஈரலின் கான் தகட்டிலும் தோன்றுகின்றது. கான்கள் முதிர்ந்ததும் அது மறைந்துவிடுகின்றது. கட்டடம் முடிந்ததும் சாரம் பிரிக்கப்படுவதைப் போன்றது இது. எனவேதான், பிறந்த குழந்தையின் ஈரலிலிருந்து பெறப்பட்ட இழையத்தில் என்கேம் பரவலாகத் தென்படுமாயின், அங்கே முதிராத கான் கலங்கள் உள்ளன என நோயியலாளர்கள் கருதுகின்றனர்.

இவற்றோடு, கலங்கள் ஒன்றையொன்று தொடும்போது மாத்திரமே பரிமாறப்படும் செய்திகளும் உள்ளன. வாயி நாளத்தைச் சூழவுள்ள கலங்களின் மேற்பரப்பில் ஜக்ட்-1 என்ற புரதம் அமைந்துள்ளது. அதனைத் தொடும் முன்னோடிக் கலத்திலுள்ள நொட்ச் என்ற ஏற்பி தூண்டப்படுகின்றது. அக்கலம் கான் கலமாகும் வழியில் செல்கின்றது. 2009ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுண்டெலியின் ஈரலில் கண்ட காட்சி இதனை மேலும் தெளிவாக்குகின்றது. புதிதாக உருவாகும் குழாயின் நாளத்துப் பக்கச் சுவர் கான் கலங்களாலும், மறுபக்கச் சுவர் இன்னமும் முன்னோடிக் கலங்களாலும் ஆகியிருந்தது. நாளத்தைத் தொட்ட கலங்கள் முதலிலும், தொடாதவை பின்னரும் மாறுகின்றன. அண்மையே இங்கு விதியாகின்றது எனலாம்.

பிடி தளரும்போது

இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டில் எங்கேனும் ஒரு பிடி தளர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு மருத்துவ வரலாறே சான்று பகர்கின்றது.

கான் தகடு உரியவாறு மறையாமல் தங்கிவிட்டால், ஈரலுக்குள் கான்கள் ஒழுங்கற்ற பைகளாக விரிந்து கிடக்கின்றன. பிரான்ஸ் நாட்டு வைத்தியர் ஜாக் கரோலி 1958இல் விவரித்த நோய் இவ்வகையானது. இவ்வகைக் குறைபாடுகளின் வேர் முளையத்தின் கான் தகட்டில் உள்ளது என்பதை, டென்மார்க்கைச் சேர்ந்த யோர்கென்சன் 1977இல் எடுத்துரைத்தார். ஜக்ட்-1 பரம்பரையலகில் ஏற்படும் விகாரமே, ஈரலுக்குள் போதிய கான்கள் உருவாகாத அலஜீல் நோய்க்கூட்டத்துக்கு முதன்மையான காரணம் என்பது 1997இல் கண்டறியப்பட்டது. இக்குழந்தைகளுக்கு இருதயத்திலும் முள்ளந்தண்டிலும் குறைபாடுகள் காணப்படுவதுண்டு. ஒரே தொடுகைச் செய்தியைப் பல அங்கங்கள் பயன்படுத்துவதே இதற்குக் காரணமாகும்.

தையலே இல்லாத கானின் கதையும் உண்டு. மொரோக்கோவைப் பூர்வீகமாகக் கொண்ட சில குடும்பங்களில், செதில் படர்ந்த தோலுடனும் பித்தக்கான்களின் அழற்சியுடனும் குழந்தைகள் பிறந்தன. அவர்களிடம் குளோடின்-1 புரதம் உருவாகவில்லை என்பதை 2004இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஒரேயொரு புரதம் இல்லாமற்போனதால் தோல் வரண்டது; கான் கசிந்தது. ஈரலில் ஈ-கட்ஹெரின் நீக்கப்பட்ட சுண்டெலிகளில் பித்தக்கான்களைச் சுற்றித் தழும்பு இழையம் படர்ந்ததை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. பிடி தளர்ந்தால் கசிவு, கசிந்தால் புண், புண் ஆறும்போது தழும்பு, தழும்பால் அடைப்பு என்ற தொடரை இவ்வாய்வுகள் எமக்கு உணர்த்துகின்றன.

ஆட்டுக்குட்டிகள் சொன்ன செய்தி

பிறப்புவழிப் பித்தக்கான் அடைப்பு பெரும்பாலும் பரம்பரை நோயன்று. ஒரே சூலில் உருவான இரட்டைக் குழந்தைகளுள் ஒன்றுக்கு இந்நோயிருக்க, மற்றையது நலமாயிருப்பதே பொதுவான அனுபவமாகும். அவ்வாறாயின், வெளியிலிருந்து வந்த ஏதோவொன்று கருவிலுள்ள கான்களைத் தாக்குகின்றதா என்ற ஐயம் எழுவது இயல்பே. இந்த ஐயத்துக்கு வலுவூட்டியவை அவுஸ்திரேலியாவின் ஆட்டுக்குட்டிகள்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பரிஞ்ஜக் அணைக்கட்டுப் பகுதியில் 1964, 1988, 2007 ஆகிய ஆண்டுகளில் செம்மறிக் குட்டிகள் மஞ்சள் பூத்து, வெளிறிய கழிவுடன் மடிந்தன. அவற்றின் ஈரலுக்கு வெளியேயுள்ள பித்தக்கான்கள் அடைபட்டிருந்தன. தாய் ஆடுகளோ எவ்விதக் குறையுமின்றி இருந்தன. வரட்சியினால் நீர்மட்டம் தாழ்ந்து, வழமையாக நீருக்குள் இருக்கும் கரை நிலம் வெளிப்பட்ட காலங்கள் அவை. அந்நிலத்தில் முளைத்த டிஸ்பேனியா இனச் செடிகளைச் சினையாடுகள் மேய்ந்திருந்தன.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களுடன் இணைந்தோரும், 2007ஆம் ஆண்டுச் சம்பவத்துக்குக் காரணமான செடியின் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, உடல் ஒளிபுகும் வரிமீன்களின் குஞ்சுகளில் பரிசோதித்தனர். பித்தப்பையையும் வெளிக்கான்களையும் மாத்திரம் சிதைக்கும் ஒரு பதார்த்தத்தை அவர்கள் பிரித்தெடுத்து, பிலியட்ரெசோன் எனப் பெயரிட்டு 2015இல் அறிவித்தனர். ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட பித்தக்கான் கலங்கள், நடுவே வெற்றிடத்துடன் சிறு உருண்டைகளாக அமைவதுண்டு. இந்த நஞ்சு சேர்க்கப்பட்டதும் கலங்களின் உள் வெளி ஒழுங்கு குலைந்தது. ஒன்றோடொன்று கொண்டிருந்த பிடி சிதைந்தது. நடு வெற்றிடம் அடைபட்டது. கலத்தைப் பாதுகாக்கும் குளுட்டதயோன் என்ற பொருள் குறைந்துபோவதே இதன் முதற்படி என்பதை அடுத்துவந்த ஆய்வுகள் காட்டின.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். மனிதர் இச்செடியை உண்பதில்லை. மனிதக் குழந்தைகளின் நோய்க்கு இந்நஞ்சே காரணம் என எவரும் நிறுவவுமில்லை. வைரஸ் தொற்று, நிர்ப்பீடனத் தொகுதியின் பிறழ்வு, பரம்பரையலகுகளின் பங்களிப்பு என்பனவும் தொடர்ந்து ஆராயப்படுகின்றன. ஆயினும், தாயை எவ்விதத்திலும் பாதிக்காத ஒன்று, கருவிலுள்ள சிசுவின் முதிராத கான்களின் பிடியைக் குலைத்துவிட முடியும் என்பதை ஆட்டுக்குட்டிகள் எண்பித்துவிட்டன. குழந்தைக்கு இந்நோய் வந்ததற்குத் தன் உணவே, தன் நடத்தையே காரணமென்று தாய் தன்னை நொந்துகொள்வதற்கோ, பிறர் அவளைக் குறைகூறுவதற்கோ இதில் எவ்வித ஆதாரமுமில்லை என்பதையும் அழுத்திக் கூறவேண்டியுள்ளது.

நாட்களை எண்ண வேண்டிய நோய்

காரணம் முழுமையாகத் துலங்காவிட்டாலும் சிகிச்சை இல்லாமலில்லை. ஜப்பானின் செண்டாய் நகரிலுள்ள தொஹொகு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோரியோ கசாய் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், சிதைந்துபோன வெளிக்கான்களை அகற்றி, குடலின் ஒரு பகுதியை நேரடியாக ஈரலின் வாசலில் பொருத்தும் முறையை 1950களில் உருவாக்கினார். 1959இல் ஜப்பானிய மொழியில் வெளியான அவரது முறை, 1968இல் ஆங்கிலத்தில் வெளியானதன் பின்னரே உலகின் கவனத்தைப் பெற்றது. அதுவரை குணப்படுத்த முடியாதவை எனக் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு அது வாழ்வளித்தது. இச்சிகிச்சை பயனளிக்காதவிடத்து ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சையே வழியாகும். 1963இல் அமெரிக்காவில் தோமஸ் ஸ்டார்சல் மேற்கொண்ட மனித வரலாற்றின் முதலாவது ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சையும் இந்நோயால் பாதிக்கப்பட்ட மூன்று வயதுக் குழந்தைக்கே செய்யப்பட்டது. அக்குழந்தை பிழைக்கவில்லை. எனினும் அன்று தொடங்கிய முயற்சி பின்னர் எத்தனையோ குழந்தைகளைக் காத்துள்ளது. இன்றும் உலகில் சிறுவர்களுக்கு ஈரல் மாற்றப்படுவதற்கான முதன்மைக் காரணமாக இந்நோயே விளங்குகின்றது.

கசாய் முறையின் வெற்றி பெரிதும் காலத்தைப் பொறுத்தது. குழந்தை பிறந்து 60 நாட்களுக்குள் இச்சத்திரசிகிச்சை செய்யப்பட்டால் பித்தம் மீண்டும் பாயும் வாய்ப்பு அதிகம். நாட்கள் செல்லச் செல்ல, குறிப்பாக 90 நாட்களைக் கடந்த பின்னர், ஈரலில் தழும்பு படர்ந்து அவ்வாய்ப்பு அருகிவிடுகின்றது. "நன்றாகத்தானே இருக்கின்றது, பார்ப்போம்" என்று நாம் கடத்தும் ஒவ்வொரு வாரமும் அக்குழந்தையின் ஈரலிலிருந்தே கழிகின்றது.

இதனை உணர்ந்த நாடுகளுள் தாய்வான் முன்மாதிரியானது. ஐரோப்பாவில் ஏறத்தாழ 15,000 தொடக்கம் 20,000 வரையான பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படும் இந்நோய், தாய்வானில் 5,000 தொடக்கம் 6,000 வரையான பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படுகின்றது. ஜப்பானில் தொடங்கப்பட்ட முயற்சியொன்றைப் பின்பற்றி, குழந்தையின் மலத்தின் இயல்பான நிறங்களையும் ஆபத்தான நிறங்களையும் அச்சிட்ட அட்டையொன்றை, 2004ஆம் ஆண்டு முதல் தாய்வான் நாடு முழுவதிலுமுள்ள தாய்மாருக்கு வழங்கியது. விலையுயர்ந்த கருவிகள் எதுவுமில்லை. ஒரு வண்ண அட்டையும் தாயின் கண்களும் மாத்திரமே. அதன் பின்னர் உரிய காலத்தில் சத்திரசிகிச்சை பெற்ற குழந்தைகளின் வீதமும், தமது சொந்த ஈரலுடனேயே வாழும் குழந்தைகளின் வீதமும் உயர்ந்தன.

இந்நோயுள்ள குழந்தைகளின் குருதியில், ஈரலால் பதப்படுத்தப்பட்ட பிலிருபினின் அளவு பிறந்த ஓரிரு நாட்களிலேயே உயர்ந்திருப்பதை அமெரிக்காவின் டெக்சாஸில் மேற்கொள்ளப்பட்டு 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. நோயின் தொடக்கம் கருவிலேயே என்ற கருத்துக்கு இது துணைநிற்கின்றது. எளிய குருதிப் பரிசோதனையொன்றினால் ஆபத்தை இனங்காண முடியும் என்பதும் இதிலிருந்து புலனாகின்றது.

எமது கடமை

பெற்றோர் நினைவிற்கொள்ள வேண்டியவை மிகச் சிலவே. பிறந்து 14 நாட்கள் கடந்தும் குழந்தையின் கண்களில் மஞ்சள் நிறம் இருக்குமாயின், குழந்தை எவ்வளவு நலமாகத் தோன்றினாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். பிலிருபினின் மொத்த அளவு மாத்திரமன்றி, ஈரலால் பதப்படுத்தப்பட்ட பிலிருபினின் அளவும் தனியாகப் பார்க்கப்படுகின்றதா எனக் கேட்டறிவதில் தவறில்லை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலம் கடுகு நிற மஞ்சளாக இருப்பது இயல்பு. பச்சை நிறமும் அச்சத்துக்குரியதன்று. வெள்ளை, சாம்பல், வெளிறிய களிமண் நிறம் என்பனவே ஆபத்தின் அறிகுறிகள். பச்சிளங் குழந்தையின் சிறுநீர் ஏறக்குறைய நிறமற்றதாக இருக்க வேண்டும். அது துணியில் கடும் மஞ்சட் கறையை உண்டாக்குமாயின் அதுவும் எச்சரிக்கையே. பித்தம் குடலை அடையாதபோது விற்றமின் கே உடலில் சேராது. அதனால் தொப்புளிலோ மூக்கிலோ குருதி கசிந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

காலை வெயிலோ, சீனித் தண்ணீரோ, கைவைத்தியமோ அடைபட்ட கானைத் திறக்கப் போவதில்லை. அவை தரும் தீங்கைவிட, அவற்றை நம்பிக் காத்திருப்பதால் இழக்கும் நாட்களே பெருந்தீங்காகும். வீடு தேடிவந்து தாயையும் சேயையும் பார்வையிடும் குடும்ப சுகாதார உத்தியோகத்தர்களின் சேவை எமது நாட்டின் பெருஞ்செல்வமாகும். அவர்களிடம் குழந்தையின் நிறை, தாய்ப்பால் என்பன பற்றிப் பேசும் தாய்மார், மலத்தின் நிறத்தையும் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும். முடியுமாயின் காட்டவும் வேண்டும்.

பித்தத்தின் பாதை, ஒரு கலம் மற்றொரு கலத்தைப் பற்றுவதில் தொடங்குகின்றது. சிறு பிடிகள் எண்ணற்றவை ஒன்றுசேர்ந்தே அந்தப் பாதையை அமைக்கின்றன. அப்பிடிகள் ஏன் குலைகின்றன என்பதை ஆய்வுகூடங்கள் தொடர்ந்து தேடட்டும். அது காலமெடுக்கும் பணி. வெளிறிய மலத்தை உரிய வாரத்தில் கண்டுகொள்வதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. தாயும் பாட்டியும் உத்தியோகத்தரும் வைத்தியரும் ஒருவர் சொல்வதை ஒருவர் செவிமடுத்தாலே அக்குழந்தைக்கு அந்த 60 நாட்கள் கிடைத்துவிடும்.